அரபி வகுப்பில் ஒரு துறுதுறு பிள்ளை

"வீட்டுல வாயை மூடவே மாட்டான் டாக்டர். அரபி பீரியட்ல மட்டும் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறான்!"

துபாய், ஷார்ஜா, அபுதாபி போன்ற ஊர்களில் குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்கள் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருவார்கள். அப்போது என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் சொல்லும் குறை இது. பிள்ளைக்கு ஏழெட்டு வயது இருக்கும். அங்கே உள்ள டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'ஏ.டி.ஹெச்.டி.' என்று நான்கு எழுத்து இருக்கும். அடுத்து இரண்டு கேள்விகள் வரும். "இந்த அரபியை விட்டுத் தொலைக்க வழி இருக்கா? மூளைக்கு ஏதாவது லேகியம் தர்றீங்களா?"

லேகியத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அரபி.

அமீரகத்துத் தனியார் பள்ளிகளில், அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கட்டாயப் பாடம். ஆகவே விட்டுவிட முடியாது. ஆனால், கட்டாயம் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. முறையாகச் சொல்லிக் கொடுத்தால், துறுதுறுப்பான பிள்ளைக்கு நன்றாக ஒத்துப்போகக்கூடிய பாடங்களில் ஒன்று பேச்சு அரபி. எப்படி என்று பார்ப்போம்.

இது சேட்டை அல்ல

ஏ.டி.ஹெச்.டி. என்றால் கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு. இதற்கு மூன்று முகங்கள் உண்டு. ஒன்று, கவனம் ஒரு இடத்தில் நிற்காது. இரண்டு, உடம்பு ஒரு இடத்தில் நிற்காது. மூன்று, மனசு காத்திருக்காது. கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழும். சில பிள்ளைகளுக்கு முதல் முகம் மட்டும்தான் இருக்கும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 'அமைதியான பொண்ணு' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

உலக அளவில் சுமார் இருபது பிள்ளைகளில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. இதற்காக நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வளர்த்த விதத்தால் வந்ததும் அல்ல. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இந்தி, அரபி என்று பல மொழி பழகுவதாலும் வருவதில்லை.

2007-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூளையின் மேலுறை வளர்ந்து, அதில் பாதி இடம் உச்ச தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரையாக இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தரை. வளரும் பாதை அதேதான். மூன்று வருஷம் பிந்தி நடக்கிறது, அவ்வளவுதான். அதிலும் அதிகம் பிந்துவது, அடக்கத்துக்கும் திட்டமிடலுக்கும் பொறுப்பான முன்பகுதி. எட்டு வயதுப் பிள்ளையிடம் எட்டு வயதுக்குரிய பொறுமையை எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோளாறின் அறிகுறிகள் வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மற்ற எல்லா வகுப்பிலும், வீட்டிலும் ஒழுங்காக இருந்து, அரபி வகுப்பில் மட்டும் நெளிகிறான் என்றால் அது ஏ.டி.ஹெச்.டி. அல்ல. பாடம் புரியவில்லை, அல்லது ஆசிரியரிடம் பயம். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளையும் கவனமில்லாத பிள்ளை மாதிரிதான் தெரியும்.

அரபியில் எங்கே இடிக்கிறது?

நம் மனசுக்குள் ஒரு சின்ன சிலேட்டு இருக்கிறது. கேட்டதை, வேலை முடியும் வரை அதில் எழுதி வைத்துக்கொள்கிறோம். இந்தப் பிள்ளைகளின் சிலேட்டு சிறியது, சீக்கிரம் அழிந்தும் போகும். "பதினாலாம் பக்கத்தை எடு, மூணாவது படத்தைப் பாரு, பக்கத்துல இருக்கறவன்கிட்ட கேளு, பதிலை எழுது" என்று ஆசிரியர் ஒரே மூச்சில் சொன்னால், பக்கத்தை எடுப்பதற்குள் மீதி அழிந்துவிடும். பிறகு என்ன? பிள்ளை பென்சிலை உருட்டிக்கொண்டிருக்கும்.

இதோடு அரபிக்கென்றே மூன்று சிரமங்கள் சேர்கின்றன.

முதலாவது எழுத்து. 28 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் என்று ஒரே எழுத்து உருவம் மாறும். குறில் ஒலிகளைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள். முந்தின பீரியடில் இடமிருந்து வலமாக ஆங்கிலம் எழுதிவிட்டு வந்த பிள்ளை இது. அரபிப் பாடம் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் தொடங்கினால், சிலேட்டு அங்கேயே நிரம்பிவிடும். பேச்சுக்கு இடம் ஏது?

இரண்டாவது ஒலி. அரபியில் இதயத்துக்கு ஒரு சொல், நாய்க்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'கல்ப்' என்றுதான் வரும்! இதயத்தின் 'க' அடித்தொண்டையில் பிறக்கும். நாயின் 'க' நம் 'க' மாதிரி. ஆகவே தமிழில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். காதால் கேட்டு வாயால் பழக வேண்டிய விஷயம் இது. நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டும் சொற்களும் உங்களுக்கு அடையாளம் தெரியத்தானே தவிர, உச்சரிப்புக்கு அல்ல. ஒலிநாடா மாதிரி திரும்பத் திரும்பக் கேட்க, இப்போது கைபேசியே இருக்கிறது.

மூன்றாவது, இரண்டு அரபி. பாடப்புத்தகத்தில் 'எப்படி இருக்கிறாய்?' என்பதற்கு 'கைஃப ஹாலுக?' என்று இருக்கும். கீழே கடைக்குப் போனால் 'ஷ்லோனக்?' என்று கேட்பார்கள். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? 1959-ல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியல் அறிஞர் இப்படி ஒரே மொழி இரட்டை வழக்காக நடப்பதைப் பற்றி எழுதியபோது, அரபியை அதற்கு உதாரணமாகக் காட்டினார். நமக்கு இது புதிதா? 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்று பேசுகிற ஜாதி அல்லவா நாம்! "அது புத்தக அரபி, இது கடை அரபி, நம்ம தமிழ் மாதிரியேதான்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். தமிழ்ப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும்.

உரையாடலே ஒரு பயிற்சி

இந்தப் பிள்ளைக்கு எது கஷ்டம்? அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருப்பது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, பிறகு அடுத்தவருக்கு இடம் விடுவது. உரையாடல் என்பது இந்த மூன்றும்தானே!

தமிழில் அரட்டை அடிக்கும்போது இதைப் பழக்க முடியாது. வார்த்தை வெள்ளமாக வரும், நிறுத்த முடியாது. புது மொழியில் வார்த்தைகள் கொஞ்சம்தான். ஒருவர் ஒரு வரி, மற்றவர் ஒரு வரி. அரபியின் வழக்கமான முகமன் சொற்களே ஜோடி ஜோடியாக இருக்கின்றன. 'ஸபாஹுல் கைர்' என்றால் 'ஸபாஹுன் நூர்'. 'ஷுக்ரன்' என்றால் 'அஃப்வன்'. 'கைஃப ஹாலுக?' என்றால் 'அன பிகைர்'. பந்து போட்டால் பந்து திரும்பி வரும். வரி சின்னது, பதில் நிச்சயம், பலன் உடனே. இந்தப் பிள்ளைகளின் மனசு நாளைக்குக் கிடைக்கும் பலனை விட இந்த நிமிஷம் கிடைக்கும் பலனுக்குத்தான் அசையும். அதனால்தான் பேச்சு அரபி ஒத்துப்போகும் என்றேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'பதில்' என்று நாம் சொல்கிறோமே, அதுவே அரபியிலிருந்து வந்த சொல். சவால், ஜவாப், அசல், நகல், பாக்கி, வசூல், வக்கீல், அல்வா எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். 'சுஆல்' என்றால் அரபியில் கேள்வி, நம் சவால். 'ஜவாப்' என்றால் பதில். "உனக்கு ஏற்கனவே ஒன்பது அரபி வார்த்தை தெரியும்டா" என்று தொடங்கிப் பாருங்கள். 'எனக்கு வராது' என்று உட்கார்ந்திருந்த பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்.

நாற்பது நிமிஷத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு பீரியடை ஒரே துணியாக விரிக்காமல் ஐந்து துண்டாக வெட்ட வேண்டும். கீழே உள்ளதை அங்கே உள்ள அரபி ஆசிரியரிடம் காட்டிப் பேசலாம்.

முதல் 5 நிமிஷம்: முகமன். ஒரு மெத்தென்ற பந்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். 'ஸபாஹுல் கைர்' சொல்லி எறிய வேண்டும், பிடித்தவர் 'ஸபாஹுன் நூர்' சொல்ல வேண்டும். 'உன் முறை வரும் வரை இரு' என்று பத்துத் தடவை அதட்டுவதை விட, கையில் பந்து இல்லை என்பது பிள்ளைக்குச் சுலபமாகப் புரியும்.

அடுத்த 8 நிமிஷம்: உடம்பால் பாடம். 'கும்' என்றால் எழுந்திரு, 'இஜ்லிஸ்' என்றால் உட்கார், 'தஆல்' என்றால் வா, 'இஃப்தஹில் பாப்' என்றால் கதவைத் திற. ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் செய்ய வேண்டும். பிறகு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் செய்ய வேண்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960-களில் இந்த முறையை வகுத்தார். எழுந்து எழுந்து உட்கார்ந்தால் திட்டு வாங்கும் பிள்ளைக்கு, எழுந்து உட்காருவதே பாடம்!

அடுத்த 8 நிமிஷம்: புதுச் சொல் ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். படத்தைக் காட்டிலும் நிஜப் பொருள் நல்லது. ஆப்பிள், சாவி, பேனா என்று கையில் கொடுங்கள். தொண்டையில் பிறக்கும் ஒலிகளுக்குக் கையைத் தொண்டையில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றாக வரும் ஒலிகளுக்கு உள்ளங்கையை வாய்முன் வைத்தால் சூடு தெரியும்.

அடுத்த 12 நிமிஷம்: ஜோடியாகப் பேச்சு. ஒருவன் கடைக்காரன், ஒருவன் வாடிக்கையாளன். 'பிகம் ஹாதா?' (இது என்ன விலை?) 'கம்ஸத் தராஹிம்' (ஐந்து திர்ஹம்). 'ஷுக்ரன்', 'அஃப்வன்'. நான்கே வரிகள். வரிக்கு ஒரு படம் வரைந்த அட்டையை வரிசையாக மேஜையில் வைத்துவிட்டால், சிலேட்டில் அழிந்ததை அட்டை நினைவூட்டும். நடுவில் உச்சரிப்பைத் திருத்தி நிறுத்தக் கூடாது. பிள்ளை முடித்த பிறகு, ஆசிரியர் அதே வரியைச் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

கடைசி 7 நிமிஷம்: பேசினதில் ஒரே ஒரு வரி மட்டும் எழுதுவது. பிறகு பாராட்டு. 'குட் பாய்' என்பது பாராட்டு அல்ல. "அவன் கேட்டு முடிக்கிற வரைக்கும் நீ காத்திருந்தே, நல்லா இருந்துச்சு" என்று, செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். அதையும் அப்போதே.

தனி அறை வேண்டுமா?

"மத்தப் பிள்ளைங்களுக்கு இடைஞ்சலா இருக்கானாம். தனியா வெச்சு சொல்லிக்குடுக்கறோம்னு சொல்றாங்க" என்று சிலர் கலங்குகிறார்கள்.

உரையாடலைத் தனியாகப் படிக்க முடியுமா? பேச இன்னொருவர் வேண்டுமே! சில நாள் தனியாக உட்கார்த்தி உதவி செய்வதில் தவறில்லை. அதுவே நிரந்தரமானால் பேசும் கூட்டாளி போய்விடுவான். 1994-ல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் யுனெஸ்கோ ஆதரவில் கூடிய 92 நாடுகளின் பிரதிநிதிகள், எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றார்கள். அமீரகத்தில் 2006-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், சிறப்புத் தேவை இருப்பது பள்ளியில் சேரத் தடையாகாது என்கிறது. துபாயில் 2017-ல் இதற்கென்றே ஒரு கல்விக் கொள்கை வந்தது. அதே ஆண்டு முதல் அங்கே மாற்றுத்திறனாளிகளை 'அஸ்ஹாபுல் ஹிமம்', அதாவது மன உறுதி கொண்டவர்கள் என்று அழைக்கிறார்கள். ஆகவே நீங்கள் உதவி கேட்டால் அது சலுகை கேட்பது ஆகாது.

வகுப்பில் செய்ய வேண்டியவை எளியவைதான். ஆசிரியருக்கு அருகில், கதவையும் ஜன்னலையும் விட்டு விலகி இடம். பக்கத்தில் நிதானமான ஒரு கூட்டாளி. பெயரைக் கூப்பிட்டு, முகம் பார்த்த பிறகு ஒரு கட்டளை. அதைப் பிள்ளை திருப்பிச் சொன்ன பிறகு அடுத்தது. எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும். முக்கியமாக, தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்கக் கூடாது. ஓடியாடிவிட்டு வந்த பிள்ளைதான் அடுத்த பீரியடில் உட்காரும். கவனித்துப் பாருங்கள், இந்த ஏற்பாடுகள் எதுவும் மற்றப் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை. பந்தும் அட்டையும் எல்லோருக்கும்தான் பிடிக்கும்.

வீட்டில் பத்து நிமிஷம்

சாயங்காலம் விளையாடி முடித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் உட்கார்த்தினால் அரபியும் வராது, உங்கள் ரத்த அழுத்தமும் ஏறும். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் கேட்பதை மட்டும் அரபியில் கேட்கச் சொல்லுங்கள். 'உரீது மாஅன்' என்றால் உடனே டம்ளர் கைக்கு வர வேண்டும்.

ஊரில் தாத்தா, பாட்டி இருக்கிறார்களா? வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேரன் அவர்களுக்கு இரண்டு வரி அரபி சொல்லிக் கொடுக்கட்டும். எப்போதும் திருத்தப்படுகிற பிள்ளை, அன்று ஒருநாள் பிறரைத் திருத்தும். தாத்தா தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது! ஆனால் விருந்தினர் முன்னால் "எங்கே, அரபியில பேசிக் காட்டு" என்று நிறுத்தாதீர்கள். உச்சரிப்பைக் கேலி செய்யாதீர்கள். வாய் மூடுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மருந்து விஷயம்

இப்போது லேகியத்துக்கு வருவோம். நான் சித்த மருத்துவன். வல்லாரையின் பெருமை எனக்குத் தெரியும். நினைவாற்றலுக்கு நம் மரபில் தொன்றுதொட்டு அதைச் சொல்லி வருகிறோம். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் ஏ.டி.ஹெச்.டி.யை அது குணமாக்கும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. குழந்தை மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியம் கொடுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில். கூடவே கொடுப்பதானாலும் இரண்டு டாக்டர்களுக்கும் தெரிய வேண்டும். கடையில் யாரோ சொன்னார்கள் என்று பற்பம், செந்தூரம் எதையும் பிள்ளைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உலோகம் சேர்ந்த மருந்துகள் விளையாட்டுச் சாமான் அல்ல.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை பிறகு. ஆறுக்கு மேல் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து போவது நல்லது. மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை பசியைக் குறைக்கும். ஆகவே மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறாரக் கொடுங்கள். மாத்திரையின் வேகம் அடங்கியதும் இரவு பசிக்கும், அப்போதும் நன்றாகக் கொடுங்கள். இன்னொன்று, அமீரகத்தில் இது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து. இங்கிருந்து வாங்கிப் போவதானால் டாக்டர் சீட்டோடு அங்கத்திய அரசின் முன் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் போய்த் திண்டாடாதீர்கள்.

ரத்தசோகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் கைபேசி வெளிச்சத்தில் விழித்திருக்கும் பிள்ளைக்கு எந்த மருந்தும் காலையில் கவனத்தைக் கொடுக்காது. ஒன்பது மணிக்குப் படுக்கை. வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். உடம்பு தளர்ந்து தூங்கும். அது நோய்க்கு மருந்து இல்லை, தூக்கத்துக்கு உதவி.

திரும்பிப் போனதும்...

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அரபி ஆசிரியரைப் பாருங்கள். புகார் சொல்லப் போகாமல், நான்கு விஷயம் கேட்கப் போங்கள். முன்வரிசையில் ஒரு இடம், நிதானமான ஒரு ஜோடி, படம் வரைந்த நான்கு வரி அட்டை, பையில் போட்டு அனுப்ப ஒரு சின்ன நோட்டு. அந்த நோட்டில் தினமும் ஒரே வரி: 'இன்று முறை வரும் வரை காத்திருந்தானா?' ஆம் என்றால் அன்று மாலையே உங்கள் பாராட்டு. இல்லை என்றால், நாளை பார்க்கலாம்.

மூளையின் முன்பகுதி மெதுவாக வளர்ந்து வரத்தான் போகிறது. அதற்குள் 'எனக்கு எதுவும் வராது' என்ற முடிவுக்குப் பிள்ளை வந்துவிடக் கூடாது. அந்த முடிவுக்கு வந்துவிட்டால், பிறகு மூளை வளர்ந்தும் வாய் திறக்காது. ஒருநாளைக்கு ஒரு ஜோடி வார்த்தை போதும். அவசரம் வேண்டாம்.